உங்கள் போனின் இன்னொரு பில்: கூடி உட்கார்ந்து கணக்குப் போடலாம் வாங்க

மின்கட்டணம் கட்ட பலரும் இப்போது வரிசையில் நிற்பதில்லை. பட்டா, சிட்டா பார்க்க தாலுகா ஆபீஸ் வரை பஸ் ஏறவும் தேவையில்லை. சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, குடும்ப அட்டையில் முகவரி மாற்றுவது என்று நிறைய வேலைகள் போனிலேயே முடிந்துவிடுகின்றன. ஒரு வகையில் இது சுற்றுச்சூழலுக்கும் நல்லதுதான். காகிதம் மிச்சம், அலைச்சல் மிச்சம், பெட்ரோலும் மிச்சம்.

ஆனால் அந்த வேலையைச் செய்து தரும் போனுக்கென்று ஒரு செலவு இருக்கிறது. ரீசார்ஜ் தொகையிலும் இஎம்ஐ-யிலும் அது வராது. எங்கேயோ ஒரு சுரங்கத்திலும், சிப் தொழிற்சாலையிலும், பழைய வயரைக் கொளுத்தி செம்பு எடுக்கும் ஏதோ ஒரு சந்திலும் அந்த பில் வேறு யாரோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த பில் எவ்வளவு, அதில் எந்தப் பகுதியை நம்மால் குறைக்க முடியும்? இதைப் பொதுமக்களே கூடி உட்கார்ந்து கண்டுபிடிக்கும் ஒரு எளிய முறை உலகின் பல இடங்களில் பரவி வருகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அட்டைகளை வைத்து ஒரு பயிலரங்கு

இந்த முறை பிரான்சிலிருந்து வந்தது. அங்கே செட்ரிக் ரிங்கன்பாக் என்பவர் 2015-ல் 'கிளைமேட் ஃப்ரெஸ்க்' என்ற பயிலரங்கை உருவாக்கினார். ஃப்ரெஸ்க் என்றால் பிரெஞ்சு மொழியில் சுவரோவியம். பருவநிலை மாற்றம் பற்றி ஐ.நா.வின் ஐபிசிசி குழு வெளியிடும் அறிக்கைகள் ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்டவை. அவற்றின் சாரத்தை 42 அட்டைகளாக மாற்றி, எது காரணம், எது விளைவு என்று மக்களே மேசை மேல் அடுக்கிப் பார்க்கும்படி செய்தார்.

அதே பாணியில் டிஜிட்டல் துறைக்காக உருவானதுதான் 'டிஜிட்டல் கொலாஜ்' பயிலரங்கு. ஒரு மேசை, அதைச் சுற்றி எட்டுப் பேருக்கு மிகாத ஒரு குழு, வழிநடத்த ஒருவர், சுமார் 3 மணி நேரம். இவ்வளவுதான் தேவை. முதலில் அட்டைகளை அடுக்கி, அம்புக்குறி போட்டு, ஒரு பெரிய படத்தை உருவாக்குகிறார்கள். பிறகு தீர்வுகளைப் பேசுகிறார்கள். மேடை இல்லை, மைக் இல்லை, சிறப்பு விருந்தினர் உரையும் இல்லை.

சாதாரண விழிப்புணர்வுக் கூட்டத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கூட்டத்தில் ஒருவர் பேசுவார், நாம் தலையாட்டுவோம், டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவோம். இங்கே கையில் ஒரு அட்டையைக் கொடுத்து "இதை எங்கே வைப்பீங்க, ஏன்?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லியாக வேண்டும். தப்பாக வைத்தால் பக்கத்தில் இருப்பவர் மறுப்பார். அவரிடம் வாதாடி, கடைசியில் நீங்களே ஒத்துக்கொண்டு மாற்றி வைத்த அட்டை அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

மேசையில் வழக்கமாகச் சூடு பிடிக்கும் மூன்று வாதங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வாதம் 1: சார்ஜரா, தொழிற்சாலையா?

"போனால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு?" என்று கேட்டால், பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சார்ஜர்தான். தினமும் மின்சாரம் எடுக்கிறதே! சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இன்றைய போன்களில் சாதாரணமாக 5000 எம்ஏஹெச் பேட்டரி இருக்கிறது. அதை ஒரு முறை முழுதாக நிரப்ப, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, சுமார் 25 வாட்-மணி மின்சாரம் போதும். தினமும் ஒரு முறை நிரப்பினால் ஒரு வருடத்துக்கு சுமார் 9 யூனிட். நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்று எடுத்துக்கொண்டால், வருடத்துக்கு 6 கிலோ சொச்சம்.

இப்போது அதே போனைத் தயாரிக்கும்போது வெளியாவதைப் பாருங்கள். மாடலைப் பொறுத்து ஒரு ஸ்மார்ட்போனின் மொத்த கார்பன் கணக்கு 50 முதல் 80 கிலோ வரை வருவதை நிறுவனங்கள் வெளியிடும் அறிக்கைகளில் பார்க்கலாம். ஆப்பிள் தன் ஐபோன்களுக்கு வெளியிடும் அறிக்கைகளில், இதில் சுமார் 80 சதவீதம் தயாரிப்புக் கட்டத்திலேயே வந்துவிடுகிறது.

அதாவது புது போனின் பெட்டியை நாம் பிரிக்கும்போதே பில்லின் பெரும்பகுதி எழுதி முடிக்கப்பட்டிருக்கிறது. சுரங்கத்தில் தாதுவை வெட்டி எடுப்பது, உலோகத்தைப் பிரிப்பது, சிப் தயாரிப்பது எல்லாமே மின்சாரத்தையும் தண்ணீரையும் ஏராளமாகக் கேட்கும் வேலைகள். பேட்டரிக்குத் தேவையான கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசில் வெட்டி எடுக்கப்படுகிறது. அங்கே சிறு சுரங்கங்களில் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் கையாலேயே தோண்டுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு.

இந்த இடத்தில் மேசையில் ஒரு எளிய வகுத்தல் கணக்கு போடலாம். தயாரிப்புக்கு 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடத்தில் போனை மாற்றினால் வருடத்துக்கு 30 கிலோ. அதே போனை நான்கு வருடம் ஓட்டினால் வருடத்துக்கு 15 கிலோ. சார்ஜரை எவ்வளவுதான் கவனமாகப் பயன்படுத்தினாலும், மொத்தமே 6 கிலோ உள்ள இடத்தில் 15 கிலோ மிச்சம் பிடிக்க முடியாது. இந்த ஒரு கணக்கு புரிந்துவிட்டாலே பயிலரங்கின் பாதி வேலை முடிந்தது.

வாதம் 2: வீடியோ எங்கே இருக்கிறது?

அடுத்து 'வீடியோ' என்ற அட்டை. அதை ஒருவர் 'போன்' அட்டையின் பக்கத்தில் வைப்பார். இன்னொருவர் 'டவர்' பக்கம் நகர்த்துவார். உண்மையில் நாம் பார்க்கும் வீடியோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் இரவு பகலாக ஓடும் பெரிய கட்டடம் அது. அவை சூடாகாமல் இருக்க தனியாகக் குளிரூட்ட வேண்டும். அங்கிருந்து கேபிள் வழியாகவும் டவர் வழியாகவும் நம் கைக்கு வருகிறது. 'கிளவுட்' என்று பெயர் வைத்திருந்தாலும் எல்லாம் தரையில்தான் இருக்கிறது. நம் சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் அப்படிப்பட்ட கட்டடங்கள் உண்டு. கடலுக்கடியில் வரும் இணையக் கேபிள்கள் இந்தியாவில் கரையேறும் முக்கிய இடங்களில் சென்னையும் ஒன்று.

சர்வதேச எரிசக்தி முகமை 2025-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகின் டேட்டா சென்டர்கள் 2024-ல் சுமார் 415 டெராவாட்-மணி மின்சாரத்தைப் பயன்படுத்தின. உலக மின்பயன்பாட்டில் இது ஏறக்குறைய 1.5 சதவீதம். செயற்கை நுண்ணறிவின் வளர்ச்சியால் 2030-க்குள் இது இரண்டு மடங்குக்கு மேல் ஆகலாம் என்றும் அந்த அறிக்கை கணிக்கிறது.

அப்படியென்றால் கருவியா, டேட்டா சென்டரா, எது பெரியது? பிரான்சின் அரசு அமைப்புகளான அடெம், ஆர்செப் இரண்டும் 2022-ல் இதைக் கணக்கிட்டன. அந்த நாட்டின் டிஜிட்டல் கார்பனில் 79 சதவீதம் மக்கள் கையில் இருக்கும் போன், டிவி, லேப்டாப் போன்ற கருவிகளிலிருந்து வந்தது. டேட்டா சென்டர்களின் பங்கு 16 சதவீதம். பிறகு, பிரெஞ்சு மக்கள் பயன்படுத்தும் வெளிநாட்டு டேட்டா சென்டர்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது கருவிகள் 50 சதவீதம், டேட்டா சென்டர்கள் 46 சதவீதம் என்று மாறியது. கணக்கின் எல்லையை விரித்ததும் டேட்டா சென்டரின் பங்கு கூடிவிட்டது. ஆனாலும் பாதி பில் இன்னும் கருவிகளின் பெயரில்தான் இருக்கிறது. நம் கட்டுப்பாட்டில் இருப்பதும் அந்தப் பாதிதான்.

வாதம் 3: அலமாரியில் தூங்கும் போன்

வீட்டில் ஒரு டிராயரைத் திறந்து பாருங்கள். ஸ்கிரீன் உடைந்த போன், பட்டன் போன், எந்த சாதனத்துக்கு என்றே தெரியாத மூன்று சார்ஜர், ஒரு பக்கம் மட்டும் கேட்கும் இயர்போன். "எதுக்காவது ஆகும்" என்று எடுத்து வைத்தவை. இந்த அட்டையை எங்கே வைப்பது? 'குப்பை' என்பார் ஒருவர். 'சேமிப்பு' என்பார் இன்னொருவர். இரண்டும் சரிதான்.

ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட உலக மின்கழிவு அறிக்கையின்படி, 2022-ல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்கழிவு உருவானது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதற்குக் கணக்கு இருப்பது 22.3 சதவீதத்துக்கு மட்டுமே. மின்கழிவு அதிகம் உருவாகும் நாடுகளில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து இந்தியா இருக்கிறது.

மீதி எங்கே போகிறது? ஒரு பகுதி டிராயரிலேயே தூங்குகிறது. ஒரு பகுதி சாதாரண குப்பையோடு கலக்கிறது. இன்னொரு பகுதி அனுமதி இல்லாத பட்டறைகளுக்குப் போகிறது. அங்கே செம்புக்காக வயரைக் கொளுத்துகிறார்கள், தங்கத்துக்காக சர்க்யூட் போர்டை அமிலத்தில் ஊற வைக்கிறார்கள். அந்தப் புகையில் டையாக்சின் போன்ற நச்சுகள் இருக்கின்றன. போர்டுகளிலிருந்து வரும் ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வேலை செய்பவருக்கு முகமூடியோ கையுறையோ பெரும்பாலும் கிடையாது. நாம் எடைக்குப் போட்ட போனுக்குக் கிடைத்த சில்லறைக்கு, அவர் தன் நுரையீரலைக் கொடுக்கிறார்.

இத்தனைக்கும் இது குப்பையே அல்ல. ஒரு டன் தங்கத் தாதுவில் கிடைப்பதைவிட ஒரு டன் பழைய போன்களில் பல மடங்கு அதிகத் தங்கம் இருக்கிறது. முறையான நிலையத்துக்குப் போனால் தங்கம், செம்பு, கோபால்ட் எல்லாம் திரும்பக் கிடைக்கும். அந்த அளவுக்குப் புதிதாகச் சுரங்கம் வெட்ட வேண்டியிருக்காது. இப்படி, கடைசியில் வைத்த 'குப்பை' அட்டையிலிருந்து முதலில் வைத்த 'சுரங்கம்' அட்டைக்கு ஒரு அம்புக்குறி போடும்போதுதான் படம் முழுமையாகிறது.

நம்ம ஊரில் நடத்துவது எப்படி?

இதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. பள்ளியின் தேசிய பசுமைப் படை, கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டம், மகளிர் சுயஉதவிக் குழு, வாசகர் வட்டம், குடியிருப்போர் நலச் சங்கம் என்று யார் வேண்டுமானாலும் நடத்தலாம்.

1. அட்டைகள்: பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் போதும். ஒவ்வொன்றிலும் ஒரு சொல் எழுதுங்கள்: சுரங்கம், தண்ணீர், மின்சாரம், சிப் தொழிற்சாலை, கப்பல், விளம்பரம், புது மாடல், போன், சார்ஜர், டவர், டேட்டா சென்டர், வீடியோ, அப்டேட் நின்றது, பேட்டரி வீக், சர்வீஸ் கடை, டிராயர், குப்பை, நச்சுப்புகை, மறுசுழற்சி, புவி வெப்பம்.

2. ஆட்கள்: ஒரு மேசைக்கு ஆறேழு பேர். எல்லாரும் ஒரே வயதாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலேஜ் பையனும் ஓய்வு பெற்ற ஆசிரியரும் ஒரே மேசையில் இருந்தால் வாதம் களைகட்டும். அந்தக் காலத்து ரேடியோவை 20 வருடம் ஓட்டிய பாட்டியும் இருந்தால் இன்னும் நல்லது.

3. முதல் ஒரு மணி நேரம்: அட்டைகளைக் காரண வரிசையில் அடுக்கி, நடுவே சாக்பீஸால் அம்புக்குறி. வழிநடத்துபவர் பதில் சொல்லக் கூடாது. "ஏன் அப்படி நினைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்க வேண்டும்.

4. அடுத்த அரை மணி நேரம்: எது பெரியது? ஒவ்வொருவருக்கும் பத்து புளியங்கொட்டை. எந்த அட்டையில் பாதிப்பு அதிகம் என்று நினைக்கிறார்களோ அங்கே வைக்கட்டும். பிறகு மேலே உள்ள சார்ஜர் கணக்கைப் போட்டுக் காட்டி, மறுபடி வைக்கச் சொல்லுங்கள். கொட்டைகள் எங்கிருந்து எங்கே நகர்கின்றன என்று எல்லாரும் பார்க்கட்டும்.

5. கடைசி ஒரு மணி நேரம்: பழுதுபார்க்கும் நேரம். உங்கள் தெரு சர்வீஸ் கடைக்காரரை அழையுங்கள். வந்தவர்கள் டிராயரிலிருந்து கொண்டு வந்த கருவிகளில் எது தேறும், எது தேறாது என்று அவர் பார்த்துச் சொல்வார். அவர் நேரத்துக்கு உரிய தொகையைக் கொடுத்துவிடுங்கள்.

இந்தக் கடைசிப் பகுதிக்கும் முன்னோடி உண்டு. நெதர்லாந்தில் மார்ட்டின் போஸ்த்மா என்ற பத்திரிகையாளர் 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் 'ரிப்பேர் கஃபே' தொடங்கினார். உடைந்த பொருளைக் கொண்டுவந்து, தெரிந்தவரோடு உட்கார்ந்து சரிசெய்து கொண்டுபோகும் இடம் அது. 2015-ல் பெங்களூரிலும் தொடங்கிவிட்டது. பழுது பார்ப்பது நமக்கு ஒன்றும் புதிதல்ல. ரிச்சி தெருவில் கைவிடப்பட்ட போனுக்கு உயிர் கொடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

வீட்டுக்குப் போகும் முன் ஒரு முடிவு

பயிலரங்கு முடியும்போது ஒவ்வொருவரும் ஒரே ஒரு முடிவை எழுதி வாசிக்க வேண்டும். எது பெரிய பலன் தருமோ அதிலிருந்து தொடங்குவது நல்லது. வரிசை இதோ:

• போனின் ஆயுளைக் கூட்டுவது. கவர், டெம்பர் கிளாஸ் போடுங்கள். சார்ஜை முடிந்தவரை 20-க்கும் 80-க்கும் இடையில் வைத்தால் பேட்டரி நீண்ட நாள் வரும். வெயிலில், வண்டி டேஷ்போர்டில் போனை விடாதீர்கள். பேட்டரி வீக் ஆனால் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். ஸ்டோரேஜ் நிரம்பினால் படங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுத் தொடருங்கள்.

• வாங்கும்போது கேட்பது. "கேமரா எத்தனை மெகாபிக்சல்?" என்று கேட்பதோடு, "எத்தனை வருஷம் அப்டேட் வரும்? ஸ்பேர் கிடைக்குமா?" என்றும் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல் புது போன் மாடல்களுக்கு ஐந்து ஆண்டு அப்டேட்டும், விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டு உதிரி பாகமும் கட்டாயம் என்று விதித்திருக்கிறது. இங்கேயும் வாடிக்கையாளர்கள் கேட்கக் கேட்கத்தான் கம்பெனிகள் கவனிக்கும்.

• பழுது பார்க்கும் உரிமையைப் பயன்படுத்துவது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. சர்வீஸ் சென்டர், வாரண்டி விவரங்களை அங்கே பார்க்கலாம். சரிசெய்து தர மறுத்தாலோ, நியாயமற்ற நிபந்தனை போட்டாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

• பழையதை முறையாக ஒப்படைப்பது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, குறிப்பிட்ட அளவு மின்கழிவு மறுசுழற்சி ஆவதைத் தயாரிப்பு நிறுவனமே உறுதிசெய்ய வேண்டும். ஆகவே உங்கள் போன் கம்பெனியின் இணையதளத்தில் சேகரிப்பு மையம் எங்கே என்று பாருங்கள். உங்கள் மாநகராட்சி, நகராட்சி அலுவலகத்தில் மின்கழிவு சேகரிப்பு பற்றிக் கேளுங்கள்.

• டேட்டாவில் சிக்கனம். வீட்டில் வைஃபை இருந்தால் வீடியோவுக்கு அதையே பயன்படுத்துங்கள். பாட்டு மட்டும் கேட்கும்போது வீடியோ ஓடவேண்டியதில்லை. தானாக ஓடும் ஆட்டோபிளேயை நிறுத்துங்கள். பலன் சிறியது, ஆனால் செலவில்லாதது.

சில சந்தேகங்கள்

*மெயிலை டெலிட் செய்தால் பூமியைக் காப்பாற்றலாம் என்று ஃபார்வர்டு வருகிறதே?*
செய்யலாம், தப்பில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான மெயிலை அழித்துவிட்டு, அந்த மாதமே நன்றாக இருக்கும் போனை மாற்றினால் கணக்கு நஷ்டம்தான்.

*செகண்ட் ஹேண்ட் போன் வாங்கலாமா?*
தாராளமாக. ஆனால் திருட்டு போனாக இருக்கக் கூடாது. *#06# அழுத்தினால் ஐஎம்இஐ எண் வரும். அதை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்திலோ செயலியிலோ போட்டுச் சரிபார்த்த பிறகு பணம் கொடுங்கள். பில் கேட்டு வாங்குங்கள்.

*பழைய போனைக் கொடுத்தால் என் போட்டோ, பேங்க் விவரம் வெளியே போய்விடாதா?*
டிராயரில் போன் தூங்குவதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். தேவையானதை பேக்கப் எடுங்கள். யுபிஐ, வங்கிச் செயலிகளிலிருந்தும் கூகுள் கணக்கிலிருந்தும் லாக்-அவுட் செய்யுங்கள். சிம், மெமரி கார்டை எடுத்துவிட்டு ஃபேக்டரி ரீசெட் கொடுங்கள். அதன் பிறகு ஒப்படைக்கலாம்.

*பேட்டரி உப்பிவிட்டது. என்ன செய்வது?*
உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். குத்தவோ, அமுக்கவோ, சார்ஜ் போடவோ கூடாது, தீப்பிடிக்கலாம். எளிதில் தீப்பற்றும் பொருட்களிடமிருந்து தள்ளி வைத்து, சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். அங்கே அதைக் கையால் பிரிக்கப்போவது ஒரு தூய்மைப் பணியாளர்.

அடுத்து என்ன?

வரும் ஞாயிற்றுக்கிழமை, ஒரு மேசை, இருபது அட்டை, ஆறேழு பேர். உங்கள் தெருவிலோ அப்பார்ட்மெண்டிலோ நடத்திப் பாருங்கள். யார் வீட்டு டிராயரில் அதிகப் பழைய போன் இருக்கிறது என்ற கேள்வியில் தொடங்கினால் கூட்டம் தானாகச் சேரும். கூடியவர்களில் ஒருவர், இந்த வருடம் மாற்றலாம் என்று நினைத்திருந்த போனுக்குப் புது பேட்டரி போட்டு இன்னும் இரண்டு வருடம் ஓட்ட முடிவு செய்தாலே, அந்த மூன்று மணி நேரம் வீண் போகவில்லை.